றிவேஸ்

ஐம்பத்தேழாம் ஆண்டு மொறிஸ் மைனர்.
கூட்டை மடித்துவிட்டால்
உப்புவெளிக் காற்று மொத்தமும் எங்களுடையது.
இழுத்துப் பூட்டினால்
பின்கண்ணாடி என்று ஒரு பிளாஸ்டிக்,
காய்ச்சிய நெய்யின் நிறத்துக்கு மங்கிப்போனது.
அதற்கு அந்தப்பக்கம் நிற்பது
லொறியா மரமா என்று
ஊகித்துத்தான் சொல்லவேண்டும்.

மடித்தாலும் மோசம்தான்.
கலியாண ஓட்டத்துக்குப் போகிற வண்டி இது.
பின்சீற்றின் முதுகில் ஏறி உட்காருகிற சோடி
என் சின்னக் கண்ணாடியை நிறைத்துவிடும்:
பட்டு, மாலை, வேர்த்த கழுத்து,
தொடலாமா என்று யோசிக்கிற இரண்டு கைகள்.
தெரு மட்டும் தெரியாது.
வைகாசியில், ஏகாம்பரம் வீதியில்,
பின்னால் எடுத்தபோது தயிர்ச்சட்டி அடுக்கொன்றை இடித்தேன்.
முப்பத்தொரு சட்டி.
மாப்பிள்ளை இறங்கிநின்று எண்ணித் தந்தார்.

ஜமாலியாவில் நௌபரின் கராஜ்.
முதல் கமெரா இரண்டு செக்கன் உயிரோடு இருந்தது.
பிறகு சாம்பிராணிபோல் ஒரு மெல்லிய புகை.
"அக்கா, இது தலைகீழ் வண்டி.
மத்த வண்டிக்கெல்லாம் உடம்பு மைனஸ்.
இதுக்கு உடம்பு பிளஸ்."
இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன்,
எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது கமெராவுக்கு
சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டினான்,
இரும்பில் படாமல் அது உட்கார.
போக ஒரு வயர், வர ஒரு வயர்,
கூட்டின் கம்பிகள் மடிந்து கடிக்கிற இடத்தைச் சுற்றி
கதவுப்படியின் கீழாக, பாயின் அடியாக
குளோவ் பெட்டிவரை.
புதிதாகத் துளை போட நான் விடவில்லை.
நம்பர் தகட்டின் பழைய ஆணித் துளையே போதும் என்றேன்.

தகட்டைக் கழற்றினான்.
ஸ்ரீ எழுத்துக்கு நேர் கீழே, மடிந்த விளிம்பில்
சுரண்டியும் போகாத தார்,
நகக்கண் அளவு.
எந்தச் சந்தியில் யார் பூசியது,
எந்த இரவில் யார் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தது?
அவன் அப்போது பிறக்கவில்லை. நானும்தான்.
துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.
"இருக்கட்டும்" என்றேன்.
ஆணியை முறுக்கினான்.

இதற்குப் பின்கியர் விளக்கே கிடையாது.
புது வண்டிகளில் கியர் விழுந்ததும் திரை தானாக விழிக்குமாம்.
எனக்கு டாஷின் அடியில் ஒரு சுவிட்ச்,
அதைத் தட்டினால்தான் உண்டு.
பார்ப்பது என்று முதலில் நான் முடிவெடுக்கவேண்டும்.

பின்னால் போய் நின்று வலக்கையை ஆட்டினான்,
திரையில் இடக்கை ஆடியது.
கமெரா வயரில் கொழுவியிருந்த குட்டிப் பச்சை வளையத்தைக்
கத்தரித்தான். கை திரும்பி வந்தது.

ஆவணி முகூர்த்தம். கௌசிகா, துவாரகன்.
கோட்டை வாசலில் படம் எடுக்கவேண்டும் என்றார்கள்.
"இன்னும் கொஞ்சம் பின்னுக்கு" என்றான் படப்பிடிப்புக்காரன்.
சுவிட்சைத் தட்டினேன்.
பச்சைக் கோடு, மஞ்சள், சிவப்பு,
சிவப்பில் ஒரு பழைய செருப்பு, யாருடையதோ.
பிறகு திரை இருண்டது.
பிறகு ரோசாநிறமாகி
சொரசொரவென்று மேலும் கீழும் அசைந்தது.

எரிந்துவிட்டது.
மூக்கைச் சுளித்துப் புகை தேடினேன்.
மல்லிகை மட்டும்தான் மணந்தது.

இறங்கிப் போனால் ஒரு புள்ளிமான்.
டிக்கியில் கட்டிய சரத்தில் பாதியை முடித்துவிட்டு,
கடற்காற்று கமெராவில் படியவைத்த உப்பை
நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.
ஹோர்ன் அடித்தும் போகவில்லை.
காலையிலிருந்து தலையைக் குனிந்திருந்த கௌசிகா
விக்கல் வரும்வரை சிரித்தாள்,
சாய்ந்து விழப்போனவளைத் துவாரகன் பிடித்தான்,
படப்பிடிப்புக்காரன் அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தான்.

துப்பட்டா நுனியால் துடைத்தேன்.
எச்சில் முழுதாகப் போகவில்லை.
கோட்டைவாசல் திரையில் கொஞ்சம் உருகியே நின்றது,
அந்த உருகலுக்குள்ளேயே பின்னால் எடுத்தேன்.

இரவு நௌபருக்குப் போன் பண்ணி
எல்லாவற்றையும் சொன்னேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"மானுக்கு ஒண்டும் ஆகல்லதானே?" என்றான்.
பிறகு,
"நாக்கு பிளஸ்ஸா மைனஸ்ஸா அக்கா?"