பாதிச் சொல்

சீனம் படிப்பவர்கள் வகுப்பிலேயே இருப்பார்கள்.
மலாய் எடுத்தவர்களுக்கு நூலகம்.
தமிழுக்கு நாங்கள் நான்கே பேர்,
அதனால் சிற்றாலயத்தை ஒட்டிய சாமான் அறை.

அங்கே எங்களுக்கு முன்பே குடியிருந்தார்
விரல் உடைந்த அந்தோணியார்.
கையிலிருந்த குழந்தையை யாரோ கழற்றி
அலமாரியில் தனியாக வைத்திருந்தார்கள்.
எரிந்து முடிந்த மெழுகுவத்திகள் ஒரு பிஸ்கட் டின்னில்.
விசிறிக்கு ஒரே வேகம்.
போட்டால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் பினஃபோருக்குள் வேர்வை ஓடும்.
நசீரா தன் தாளின் மேல்
அந்த உடைந்த விரலை வைத்துக்கொள்வாள், பாரத்துக்கு.
தொலைந்ததையெல்லாம் தேடித் தருகிற கோடி அற்புதர் என்பாள் பிலோமினா.
தன் விரலைத் தேடவில்லையே என்பாள் சங்கவி.

செவ்வாய்க்கிழமை சொல்வதெழுதுதல்.
திருமதி குமுதவல்லி பதினொன்றே முக்காலுக்குத் தொடங்குவார்.
பன்னிரண்டுக்கு ஆலயமணி:
மூன்று. மூன்று. மூன்று.
பிறகு ஒன்பது.

மணி அடித்தால் பள்ளி நின்றுவிடும்.
படி ஏறியவள் அந்தப் படியிலேயே.
நாற்காலி இழுத்தவள் பாதி இழுத்தபடி.
சிற்றுண்டிச்சாலையில் மீ சியாம் ஆன்ட்டி
கரண்டியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்.
குழம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும்,
அதற்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

ஒலிபெருக்கியில் ஒருத்தி ஆங்கிலத்தில் தொடங்க
ஆயிரம் பேர் முடிப்போம்.
அம்மா இட்ட திருநீறு வேர்வையில் கலைந்த நெற்றியோடு
நானும், ஒரு சொல் தவறாமல்.
நசீரா வாய் திறக்கமாட்டாள், தலை மட்டும் குனிவாள்.
பிலோமினா ஒருத்திதான் தமிழில்,
உதடு அசைவது தெரியும், சத்தம் வராது,
எப்போதும் எல்லாருக்கும் கடைசியாக முடிப்பாள்.
தமிழில் நீளம் அதிகம் லா, என்பாள்.

மணிக்காக ஆசிரியை சொல்லின் நடுவிலேயே நிறுத்துவார்.
‘நெருப்புக்…’
செபம் முடியும்.
‘…கோழி.’
எங்கள் நோட்டுகளில் செவ்வாய்தோறும் ஒரு சொல்
முன்பாதி கிறுக்கலாகவும்
பின்பாதி கொஞ்சம் அடங்கிய கையெழுத்திலும் இருக்கும்.

மற்ற நேரம் நாங்கள் அடங்கியவர்கள் இல்லை.
பாவாடை நீளம் பார்க்க
சிஸ்டர் இமெல்டா முழங்காலிடச் சொல்வார்,
ஓரம் தரையைத் தொட வேண்டும்.
தொடாத ஓரத்தைத் தொடவைக்க
சங்கவி முதுகை வளைத்து, கண்ணை மூடி, கை கூப்புவாள்.
இந்தப் பக்தியைப் பூசையில் காணோமே என்பார் சிஸ்டர்.
சிரிக்காமல்தான் சொல்வார். திரும்பியபின் தோள் குலுங்கும்.

உயர்நிலை நான்கு, அக்டோபர், கடைசிச் செவ்வாய்.
வெளியே காத்தோங் முழுக்க மழை.
‘வண்ணத்துப்…’ என்றார், நிறுத்தினார்.
கடிகாரத்தில் பன்னிரண்டு.

மணி வரவில்லை.

கயிறு அறுந்தது என்றார்கள் பிறகு,
அடிக்கவேண்டியவள் விழா ஒத்திகையில் மறந்தாள் என்றும்.
அப்போது எங்களுக்குத் தெரியாது.
நான்கு பேனாக்கள் தாளுக்கு மேலே.
என் ‘ப்’ மேல் புள்ளி வைத்தாகிவிட்டது.
அவர்தான் ஒருமுறை சொன்னார்:
இந்த ஒற்று முன்னால் நிற்கும் சொல்லுக்குச் சொந்தமில்லை,
வரப்போகிறதற்காக முன்னதாகவே வந்து நிற்கிறது,
அது வராவிட்டால் இதுவும் பிழை.

ஒரு நிமிடம். இரண்டு.
ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
சொல்லை முடிக்கவில்லை.

நசீரா தாளின் மேலிருந்து அந்தோணியாரின் விரலை எடுத்தாள்.
அவள் தாள் பறந்துபோய்ச் சுவரில் ஒட்டியது.
பிஸ்கட் டின்னைப் பக்கத்தில் இழுத்து
தட்டினாள்:
மூன்று. மூன்று. மூன்று.
பிறகு ஒன்பது, எண்ணி.
தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒலிபெருக்கி இல்லை. ஆயிரம் பேர் இல்லை.
பிலோமினா தொடங்கினாள்,
முதல்முறையாகச் சத்தமாக,
அருள் நிறைந்த மரியே என்று.
எனக்கும் சங்கவிக்கும் தமிழில் ஒரு வரி தெரியாது.
ஆமென் மட்டும் சேர்ந்து சொன்னோம்,
கொஞ்சம் முந்திக்கொண்டு.

அவள் சொன்னது உண்மைதான், நீளம் அதிகம்.

ஆசிரியை முழுவதும் காத்திருந்தார்.
பிறகு,
‘…பூச்சி’ என்றார்.
‘பூ நெடில். கவனம்.’