உத்தரம்

ஹாலிஃபாக்ஸில் ஒரு பழைய கம்பளி ஆலை.
அதன் மூன்றாம் தளத்துக்குப்
பதினோரு எஃகு உத்தரங்கள் வரைந்து வைத்திருந்தேன்.
வேலைக்குச் சேர்ந்த பின் முதல் வரைபடம்.
எண் போட்டு, போல்ட்டுகளுக்குத் துளை போட்டு,
மூலைக் கட்டத்தில்
என் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டு.

பக்கத்து மேசை மோர்வென்னா,
என்னைவிட ஏழு மாதம் சீனியர்,
சாண்ட்விச்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தாள்:
"இருக்கிற தளம் தாங்காதுன்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.
நூற்றைம்பது வருஷப் பழசு என்பதால்
தாங்காது என்று எல்லோருமாக
நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் நான்கு நாள்
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பலகைகளுக்கு அடியில்.
மரத்தின் ஈரம் பதின்மூன்று சதவீதம்.
மழை பெய்தால் மட்டும்
பலகைக்குள் ஊறிக் கிடந்த ஆட்டுக் கொழுப்பின் வாடை
எழுந்து வரும்.
அறுபது தறிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்த தளம் இது.
இனி வரப்போவது நாற்பது நாற்காலி,
ஒரு காப்பி இயந்திரம்.

தண்ணீர்ப் பைகளைப் பரப்பிக் குழாயைத் திறந்தோம்.
இரவு யாராவது உடனிருக்க வேண்டும்.
நான் இருந்தேன்.
அரை மணிக்கொரு முறை முள்ளைப் பார்த்து எழுதினேன்:
இரண்டு மில்லிமீட்டர்.
மூன்றரை.
ஐந்து.
ஐந்து புள்ளி எட்டு.
ஐந்து புள்ளி எட்டு.
மூன்று மணிக்கும் ஐந்து புள்ளி எட்டு.
ஒன்றும் நடக்காமல் இருப்பதை
இவ்வளவு உன்னிப்பாக
வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

காலையில் தண்ணீரை வடித்ததும்
முள் திரும்பி வந்தது,
கிட்டத்தட்ட.

அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஏழாவதை அழிக்கும்போது மட்டும் கை நின்றது.
அதன் இணைப்பு அழகாக வந்திருந்தது.
கார்பன் கணக்கில்
ஆறரை டன் எஃகு இருந்த கட்டத்தில் பூஜ்யம்.
அதற்குக் கீழே இன்னொரு கட்டம்
பூஜ்யத்தால் வகுக்க முடியாதென்று
சிவப்பாக முறைத்தது.

"ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதற்கா
உங்களுக்குப் பணம்?"
கேட்டவர் கட்டட உரிமையாளர் கிரீன்வுட்.
சும்மா விட்டுவிடுங்கள் என்று
தமிழில் இரண்டே சொல்லில் சொல்லியிருப்பேன்.
அங்கே பதினெட்டுப் பக்கம் ஆனது.
பின்னிணைப்புகள் தனி.

கல்லூரித் தோழன் இளம்பரிதி
தோஹாவிலிருந்து படம் அனுப்பினான்.
முப்பத்தெட்டு மாடி, முழுக்கக் கண்ணாடி,
மேலே கொஞ்சம் மேகம்.
"நீ என்ன கட்டினே?"

நீலக் கம்பளம் விரித்த ஒரு தரையை
படம் எடுத்து அனுப்பினேன்.
"இதில எது உன்னோடது?"

உத்தரம் என்றால் விட்டம்.
பதில் என்றாலும் உத்தரம்தான்.
இரண்டுமே அப்போது என் கையில் இல்லை.

திறப்பு விழாவில் எல்லோரும்
புதிதாய் வெள்ளையடித்த சுவர்களைப் பார்த்தார்கள்.
யாருடைய மகளோ, ஐந்து வயதிருக்கும்,
சலிப்பில் இரண்டு காலையும் சேர்த்துத்
தொம்மென்று குதித்தாள்.
கோப்பைகள் லேசாகச் சிணுங்கின.
அவளுடைய அப்பா அதட்டினார்.

இன்னொரு தடவை குதி, கண்ணு.
கொஞ்சம் நடுவில் வந்து.