நாலாவது கோப்பை

டுலூத், முதலாம் தெரு.
மீட்டரில் நாற்பது நிமிடத்துக்குக் காசு போட்டுவிட்டு
டேப் ஒட்டிய சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முட்டை எப்படி வேண்டும் என்றாள் வெர்னா.
மஞ்சள் உடையாமல், கவிழ்க்காமல்.
‘சூரியன் மேலே’ என்று குறித்துக்கொண்டாள்.
வெளியே மூன்று நாளாக அது இல்லை.

பாதி குடிப்பதற்குள் கோப்பை நிறைந்துவிடுகிறது.
மறுபடி ஊற்றக் காசில்லையாம்.
இரண்டு, மூன்று,
நாலாவதில்தான் நிமிர்ந்து பார்த்தேன்:
சீட்டுப் புத்தகத்தோடு மீட்டர்க்காரன்,
என் காருக்கு இரண்டு கார் தள்ளி.

வெர்னா
கரண்டியால் கண்ணாடியைத் தட்டினாள்.

வந்தான். பூட்ஸை உதறினான்.
உருளைக்கிழங்கு வறுவல் கேட்டான்,
ஓரம் கருக.
என் பக்கத்து ஸ்டூல்தான் காலி.

பேச ஒன்றுமில்லை.
கெச்சப் பாட்டிலை மெல்ல
அவன் பக்கம் நகர்த்தினேன்,
லஞ்சம் மாதிரி.