இட்டேறி

முப்பத்தொரு வருசம் நைட் ஷிப்ட்.
விடிவதென்றால் எனக்குத் தூக்கம்.

இப்போது ஐந்தரைக்கே
ஊதியூர் இட்டேறியில்
கியர் சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளுகிறது.
இருபுறமும் கிளுவை வேலி,
பேருக்கும் ஓர் இலையில்லை.
மழை பொய்த்த கொறங்காட்டில்
பனி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது.

காற்றாலைகள் அசையாமல் நிற்கின்றன.
வைகாசியில் அவற்றைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

மேட்டில் மூச்சு முட்டி இறங்கினேன்.
படல் திறந்த செம்மறிக்காரி கேட்டாள்:
"ஏனுங்க, இந்நேரத்துல எங்கீங்க?"
"சும்மாதாங்க."
"சும்மாங்களா!"
டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு
அவளே பிடுங்கினாள், வெள்வேல முள்ளை.
புஸ்ஸென்ற சத்தத்துக்கு
இருபது ஆடும் நிமிர்ந்தன.

வீடு எட்டு மைல்.
லேட்டானால் அரைநாள் பிடிக்க ஆளில்லை.
உருட்டுகிறேன்.
அப்படியும்
காங்கயம் பக்கம் மில் சங்கு ஊதியதும்
கால் தானாக
வேகமெடுக்கிறது.