காந்தம்

கராஜை மார்ச் முப்பத்தொன்றுக்குள் காலி செய்ய வேண்டும்.
கடிதம் வந்த அன்றே வதனி சொன்னாள்:
"வித்துப் போடுங்கோ. வரவேற்பறையில நிப்பாட்ட ஏலாது."

ஏலக்காரர் ஹம்பேர்க்கில்.
நூற்றுக்குப் பன்னிரண்டு அவருக்கு.
படம் எடுக்க, பாரம் ஏற்ற, துடைக்கத் தனித்தனிப் பில்.
சுத்தியல் விழாவிட்டாலும் பில் வரும்.
ஒல்டன்பேர்க் வியாபாரி வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை,
என் சப்பாத்தைப் பார்த்து ஒரு விலை சொன்னார்.

ஹொலண்டிலிருந்து ஒருவர்
பார்க்காமலே வாங்குகிறேன்,
பணம் இன்று, லொறி நாளை என்றார்.
அன்றிரவு நான் தூங்கவில்லை.
பார்க்காமலே என்ற சொல்
அவ்வளவு இனித்தது.

ஏனென்றால்
இடது பின் சக்கரத்துக்கு மேலே
ஒரு உள்ளங்கை அளவுக்கு
இசபெல்லா இல்லை.
பதினான்கு வருடத்துக்கு முன், ஒரு மழைச் சனிக்கிழமை,
துருவைச் சுரண்டச் சுரண்ட
விரல் மறுபக்கம் போய்விட்டது.
தகரம் வெட்டி ஒட்டக் காசில்லை.
புட்டி பூசினேன். தேய்த்தேன். நீலம் அடித்தேன்.
யார் கண்ணுக்கும் தெரியாது.
கழுவும்போது மட்டும்
என் கை அங்கே மெதுவாகும்.

விளம்பரம் எழுத உட்கார்ந்தேன்.
போர்க்வார்ட் இசபெல்லா, 1959.
பிறந்த ஊர் இதே பிரேமன்.
'துரு இல்லை' என்று எழுதினேன். உண்மைதான்,
புட்டி துருப்பிடிக்காது.
வெட்டினேன்.
'வயதுக்கேற்ற நிலை' என்றேன். அது என்னைப் பற்றி.
அதையும் வெட்டினேன்.
மிஞ்சியது தொலைபேசி எண்ணும்
'நேரில் வந்து பாருங்கள்' என்பதும்.
ரூடிகரின் உதிரிப்பாகக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் குத்தினேன்.
இந்த வண்டிகளின் எலும்பு தெரிந்தவர்கள் மட்டும்
வந்துபோகிற இடம்.

"ஹொலண்ட்காரர் என்ன ஆனார்?"
லொறி பழுதாம் என்றேன் வதனியிடம்.

வந்தவர் பெயர் வீப்கெ ஹார்யெஸ்,
பல் வைத்தியரிடம் உதவியாளர்.
கைப்பைக்குள்ளிருந்து, கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்தார்.
வலது கதவில் வைத்தார்: டக்.
வலது பின்பக்கம்: டக்.
கூரை, பொனட், டக், டக்.
அப்போது அவருடைய போன் அடித்தது.
தாயாரோ யாரோ, மருந்துக் கணக்கு.
பேசி முடித்துக் காந்தத்தைப் பைக்குள் போட்டார்.
"போதும். நல்லாத்தான் வைத்திருக்கிறீர்கள்."

இடப்பக்கம் வரவேயில்லை.

தகரக் கூரையில் மழை.
"இங்கேயும் வைத்துப் பாருங்கள்."
சொன்னது என் வாய்தான், வேறு ஆள் இல்லை அங்கே.

வைத்தார்.
காந்தம் வழுக்கி
சிமெந்துத் தரையில் விழுந்தது.
குனிந்து எடுத்து, மறுபடி வைத்தார்.
மறுபடி விழுந்தது.
"யார் அடைத்தது?"
"நான்."
நகத்தால் ஓரத்தைத் தடவினார்,
கடைவாய்ப் பல் பார்ப்பதுபோல.
"மோசமில்லை," என்றார்.

எழுநூறு யூரோ குறைந்தது.
ஒப்பந்தத்தின் பின்பக்கம் ஒரு சக்கரம் வரைந்து,
அதற்கு மேலே ஒரு வட்டம் போட்டு,
இருவரும் கையெழுத்து வைத்தோம்.

தெருமுனைச் சிக்னலில் வண்டி நின்றுவிட்டது.
சோக்கைப் பாதிக்கு மேல் இழுக்க வேண்டும்,
குளிர் நாளில் இன்னும் கொஞ்சம்.
எல்லாம் சொன்னவன் இதை மறந்திருந்தேன்.
ஓடினேன், கையில் தாளோடு.
பச்சை விழுந்தது.
ஒருமுறை இருமி
வண்டி கிளம்பியது. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

பின்னால் வந்த பஸ்
என்னைப் பார்த்து ஹோர்ன் அடித்தது.