வாழைச்சேனையில் வாங்கிய வள்ளம்

விற்றவர் பிடரியைச் சொறிந்தபடி சொன்னார்:
"தை பிறக்கட்டும் தம்பி,
கிடக்கட்டும் இங்கேயே, வாடகை கேட்கமாட்டன்."
சங்கத்துக் கடனுக்குக் கிழமைக் கட்டுக்காசு
வாற திங்களே தொடங்கிவிடும்.

திருக்கோவில் வரைக்கும் கடல்வழி.
காற்றும் நீரோட்டமும் தெற்கேதான்,
முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் என்றான் இன்பராசன்.
நீயும் வாறியா என்றேன்.
மகளுக்குக் காய்ச்சலாம்.

லொறி பிடித்தால் முப்பத்தெட்டாயிரம்.
பாதி வலைக்காசு.
களுவாஞ்சிக்குடியில் றோட்டுக்கு மேலால் வெள்ளம்;
வள்ளத்தை லொறி சுமக்கும்,
லொறியை எது சுமக்கும்?

எஞ்சின் இருபத்தைந்து குதிரை, மூன்றாம் கை.
பீப்பாத் தண்ணீருக்குள் நன்றாகத்தான் முழங்கியது.
கல்லாற்று முகத்துவாரத்துக்கு நேரே
அது ஒருக்கால் இருமினால்?

போனில் தவமலர் மறிக்கவில்லை.
"பிணைக்குக் கையெழுத்து வச்சது நான்"
என்றாள். அவ்வளவுதான்.
அது போ என்றதா, நில் என்றதா,
இன்னும் விளங்கவில்லை.

இரவிரவாக மழை.
விடியப்புறம் டோர்ச்சோடு போய்ப் பார்த்தேன்.
கடலையே தொடாமல்
மணலில் கட்டிக்கிடந்த வள்ளத்துக்குள்
முழங்காலளவு தண்ணீர்.

இறங்கி, அடியில் தடவித்
தக்கையைப் பிடுங்கினேன்.
வடிய நேரமெடுக்கும்.