இரண்டாம் பக்கம், மூன்றாவது

ரொட்டிக் கடனுக்கு ஈடாக
போத்தித் துறைமுகத்தில் ஒரு மாலுமி
விட்டுப்போன இசைத்தட்டு.
உறை கிடையாது. நடுவில் ஒட்டிய தாளில்
எனக்குப் படிக்கத் தெரியாத இத்தாலி எழுத்து,
அதன் மேல் என் மாவுக் கட்டைவிரல்.
ஏதோ படத்தின் இசை என்றான்.
என்ன படம் என்று கேட்கவில்லை;
அவனுக்குக் கப்பல், எனக்கு அடுப்பு.

விடியற்காலை நாலு மணி.
ஆளை விழுங்கும் பானையாய்
மண்ணடுப்பு வாய் திறந்திருக்கும்.
இரண்டாம் பக்கம், மூன்றாவது:
முதலில் கிளாரினெட் தனியாக,
இருட்டில் சட்டைப்பையில் சாவி தேடுகிறவனைப் போல.
பிறகு வயலின்கள்,
சுவரில் ஈரம் ஏறுவதுபோல் அடியிலிருந்து.
அப்புறம் முரசு வர வேண்டும்.
வராது.
நாலு எண்ணிக்கை கழித்துத்தான் வரும்,
சொல்லிவைத்தாற்போல் நான் குனிந்து
நீள ரொட்டியை அடுப்புச் சுவரில் அறைகிற நேரம்.

பதினோரு வருஷம்.
அந்த இசைக்கு என்னிடம் வேறு படமே இல்லை.
என் கை, மாவு, தணல்,
ஜன்னலுக்கு வெளியே ஆறும் கடலும் ஒன்றாகிற மூடுபனி,
முதல் ரொட்டிக்கு நிற்கும் கிரேன் ஓட்டுநர் ஜும்பர்.
"இன்னொன்று போடு" என்பான்;
ரொட்டியையா இசையையா என்று கேட்டதில்லை.

கோடையில் மருமகள் லமாரா வந்தாள்,
பாரி நகரத்து ஆஸ்பத்திரி வேலையிலிருந்து விடுப்பில்.
தட்டைத் துடைத்தாள், படித்தாள், சிரித்தாள்.
"கிணற்றடியில் கொலை."
படத்தை அவள் பார்த்திருக்கிறாள்.
கைப்பேசியில் தேடி எடுத்து எனக்கும் காட்டினாள்:
தொப்பிக்காரன், வறண்ட கிணறு, குரைக்கும் நாய்.
குதிரைக் குளம்புகளுக்கு அடியில் எங்கேயோ
என் கிளாரினெட் மிதிபட்டுக்கொண்டிருந்தது.
வயலின்கள் வந்ததும் யாரோ பேச ஆரம்பித்தார்கள்,
நிறுத்தவே இல்லை.
ஓங்கிய கத்தி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது;
அதற்குத்தான் முரசு காத்திருந்ததாம்.

நல்ல படம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் மறுநாள்
முரசு வருகிற இடத்தில் கத்தி வந்தது.
அதற்கு மறுநாளும்.
அறையப் போன கை தயங்கி
நாலு ரொட்டி தணலில் விழுந்து கருகின.
ஜும்பர் முகர்ந்து பார்த்தான்,
காசைக் குறைத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை வந்த மாவு மூட்டை படு மட்டம்;
பிசையப் பிசைய நீர்த்துப்போய்
விரலோடு வருகிறது.
மில்காரனை, அவன் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டே
உருட்டினேன், இழுத்தேன், குனிந்தேன்.
முரசு எப்போது வந்தது என்று தெரியாது.
நிமிர்ந்தபோது ரொட்டி சுவரில் இருந்தது,
ஓரம் உப்பிக்கொண்டு.
கிணறு எங்கே போயிற்று என்று பார்க்க
எனக்கு நேரமில்லை.

ஊருக்குத் திரும்பும்போது லமாரா
தலைப்புகள் பன்னிரண்டையும் எங்கள் எழுத்தில் எழுதித் தந்தாள்.
நல்ல தடித்த தாள்.
நாலாய் மடித்து
இசைத்தட்டுப் பெட்டியின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினேன்.
இப்போது ஊசி துள்ளுவதில்லை.